கொங்கும் கடலும் – 9: நாற்காலியில் அமர்ந்த கோயம்புத்தூர்க்காரர்

கோயம்புத்தூரில் ரேஸ்கோர்ஸ் சாலையைச் சுற்றிவிட்டு ரெட்பீல்ட்ஸ் பக்கமாகக் காலை நடை போகிறவர்களுக்கு, கடற்படையின் காவலர் நிற்கின்ற ஒரு வாயில் பழகிய காட்சி. ‘ஐ.என்.எஸ். அக்ரணி’ என்பது அதன் பெயர். கப்பல்களில் வேலை பார்க்கின்ற மாலுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி அளிக்கும் கூடம் அது. பள்ளி விடுமுறைக்குத் தாராபுரத்திலிருந்து வந்திருந்த என் தங்கை மகனை ஒருநாள் அவ்வழியாக அழைத்துப்போனேன். பெயர்ப்பலகையைப் படித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“ஏனுங் மாமா, ஐ.என்.எஸ்.னு கப்பலுக்குத்தானுங்க போடுவாங்க? இங்க வாய்க்காத் தண்ணியக்கூடக் காணமே!”

“கடற்படைக்காரங்க கரையில கட்டடம் கட்டுனாலும் அதைக் கப்பல்னுதான் சொல்லுவாங்க கண்ணு.”

“அப்ப நெசக் கப்பலை ஆருங் மாமா ஓட்டறது?”

“ஓட்டறது கேப்டன்தான். போன்னு சொல்றதும் நில்லுன்னு சொல்றதும் டில்லியில உக்காந்திருக்கறவங்க.”

வேடிக்கையாகச் சொன்ன அந்த விடை வீடு திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. சென்ற எட்டு இதழ்களில், கடற்கரை என்று ஓர் அங்குலம்கூட இல்லாத நம் கொங்கு நாடு பாலக்காட்டுக் கணவாய் என்னும் வாசலின் வழியாகக் கடலோடு கொண்டிருந்த உறவை, கொடுமணலின் மணிகளையும் வெள்ளலூரில் அகப்பட்ட ரோமானிய நாணயங்களையும் சாட்சியாக வைத்துப் பார்த்துவந்தோம். அவை வாணிபத்தின் கதை. இந்த இதழில் யுத்தக் கப்பல்களின் கதைக்கு வருகிறோம். ஆனால் பீரங்கி முழங்குகின்ற இடத்துக்கு அல்ல, அதற்குப் பல நூறு மைல் தொலைவில், மின்விசிறியின் கீழ் மனிதர்கள் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருக்கின்ற மண்டபத்துக்கு.

இக்காலத்து இளைஞர்கள் விரும்பிப் படிக்கின்ற விண்வெளி யுத்தக் கதைகளில், நட்சத்திரங்களுக்கு நடுவே தளபதிகள் உயிரைப் பணயம் வைத்துப் போராடிக்கொண்டிருக்க, எங்கோ ஒரு கிரகத்தின் ஆலோசனை மண்டபத்தில் அரசியல்வாதிகள் செலவுக் கணக்கைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருப்பதாகவும், அவர்களுடைய மந்த புத்தியால் கடற்படைக்கு ஒப்பான அந்த விண்படைக்கு நாசம் விளைவதாகவும் எழுதுவது ஒரு மரபாகிவிட்டது. படிக்கிறவனுடைய அனுதாபம் முழுவதும் தளபதிக்கே போய்ச் சேருகிறது. நான் சொல்லப்போவது அதற்கு நேர்மாறானது: பேசவும் கணக்குக் கேட்கவும் ஒரு மண்டபம் இல்லாதிருந்தால் ஒரு தேசத்தின் கப்பற்படை யாருடைய படையாக இருக்கும் என்பது நம் நாட்டில் நிகழ்ச்சியாகவே நடந்து காட்டப்பட்டிருக்கிறது. அந்நிகழ்ச்சியின் மூன்று கட்டங்களிலும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார்.

ஆர். கே. சண்முகம் செட்டியார் 1892-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சட்டம் படித்தவர். சிங்காநல்லூர் வசந்தா மில்லோடு தொடர்புடைய குடும்பத்தவர். நகரசபையில் பொதுவாழ்வைத் தொடங்கி, 1920-ல் சென்னைச் சட்டசபைக்குச் சென்று, அதன்பின் டில்லி மத்திய சட்டசபையில் சுயராஜ்யக் கட்சியின் உறுப்பினராகப் புகுந்தார். அவருடைய அரசியல் பாதை நேர்கோடு அல்ல. சுயராஜ்யக் கட்சியிலிருந்து ஜஸ்டிஸ் கட்சிப் பக்கமும், அங்கிருந்து காங்கிரஸ்காரர் அல்லாதவராகவே நேருவின் மந்திரிசபைக்கும் அவர் போனதைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். அவரை வீரபுருஷராக்குவது இத்தொடரின் நோக்கமன்று; அவர் உட்கார்ந்த நாற்காலிகளைப் பற்றியே எனக்கு அக்கறை.

முதற்கட்டம் 1928 பிப்ரவரி. சைமன் கமிஷன் பம்பாயில் வந்திறங்கி, தேசமெங்கும் கறுப்புக்கொடி பறந்த மாதம் அது. அக்காலத்தில் இந்தியாவுக்குக் கடற்படை என்று ஒன்று கிடையாது. துருப்புகளை ஏற்றியிறக்குவது, கடலை அளந்து படம் வரைவது போன்ற வேலைகளைச் செய்த ‘ராயல் இந்தியன் மரீன்’ என்ற ஸ்தாபனம் மட்டுமே இருந்தது. அதைப் போர்க்கடற்படையாக மாற்றலாம் என்று ராலின்ஸன் பிரபுவின் கமிட்டி சிபாரிசு செய்ய, லண்டன் பார்லிமெண்டு 1927-ல் அதற்கென ஒரு சட்டம் செய்தது. இந்தியாவின் பாதுகாப்புக்குப் புறம்பான காரியத்துக்கு அக்கப்பல்கள் அனுப்பப்படுமானால், அந்தச் செலவை இந்திய வருமானத்தில் எழுதுவதற்குப் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் இரு சபைகளும் சம்மதிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஷரத்து. எவ்வளவு ஜாக்கிரதை! கப்பல் இந்தியாவினுடையது, மாலுமி இந்தியன், பணம் இந்தியக் குடியானவன் கட்டிய வரி, சம்மதம் கேட்கப்பட வேண்டிய இடம் மட்டும் தேம்ஸ் நதிக்கரை.

இந்தச் சட்டத்துக்குத் துணையாக, கடற்படையினரின் ஒழுங்கு முறைகளை வகுக்கின்ற மசோதா ஒன்றை டில்லியில் சர்க்கார் கொண்டுவந்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி அமைந்த அந்த மத்திய சட்டசபைக்கு ராணுவச் செலவில் ஒரு ரூபாயை வெட்டும் உரிமைகூட இல்லை என்பதை வாசகர்கள் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாக்கெடுப்புக்கு உட்படாத இனங்களில் ராணுவம் ஒன்று. பட்ஜெட் காலத்தில் அதைப் பற்றிப் பேசுவதற்குக்கூடக் கவர்னர் ஜெனரல் மனம்வைக்க வேண்டும். ஆகவே உறுப்பினர்கள் முன் இருந்த கேள்வி கடற்படை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. மூன்று பக்கம் கடல் சூழ்ந்த தேசத்துக்குக் கடற்படை வேண்டாம் என்று சொல்ல அங்கிருந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். நம் பக்கத்து வழக்கில் சொல்வதானால், மாட்டை ஓட்டத் தார்க்குச்சி வாங்கித் தரும்படி சபையைக் கேட்டார்கள். மூக்கணாங்கயிறு எங்கே என்று சபை திருப்பிக் கேட்டது. அது வைஸ்ராயின் கையில் இருந்தது. விட்டல்பாய் படேல் தலைவராக வீற்றிருந்த அந்தச் சபையில் மசோதா ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. சண்முகம் செட்டியார் அப்போது அந்த அவையின் உறுப்பினர்.

ஒரு வாக்கினால் ஒரு தேசத்தின் கடற்படை ஆறாண்டு காலம் தள்ளிப்போயிற்று. இதை மூடத்தனம் என்று சொல்லும் ஆங்கில ஆசிரியர்களை நான் படித்திருக்கிறேன். அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மை உண்டு. கப்பல் கட்டவும் மாலுமியைப் பழக்கவும் வருஷங்கள் பிடிக்கும், யுத்தம் வந்தபின் இழந்த காலத்தைப் பணத்தால் வாங்க முடியாது. ஆயினும் தன் சொல்லுக்குக் கட்டுப்படாத ஓர் ஆயுதத்துக்கு ஒரு ஜனசபை சம்மதம் தரத்தான் வேண்டும் என்பது எந்த நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது கட்டம் 1934. இதற்குள் காட்சி மாறிவிட்டது. 1930-ல் காங்கிரஸ் உறுப்பினர்கள் சட்டசபையைத் துறந்து வெளியேறி உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடங்களில் வேறு மனிதர்கள் அமர்ந்திருந்தார்கள். 1932-ல் ஒட்டாவா பொருளாதார மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போய்வந்த சண்முகம் செட்டியார், 1933 மார்ச்சில் இப்ராஹிம் ரஹிம்துல்லாவுக்குப் பின் சபைத் தலைவரானார். ரிசர்வ் பாங்கியைத் தோற்றுவித்த சட்டம் அவருடைய தலைமையின் கீழேதான் நிறைவேறிற்று. அதே 1934-ல், முன்பு ஒரு வாக்கில் விழுந்த கடற்படை ஒழுங்குச் சட்டம் மறுபடியும் வந்து, இம்முறை நிறைவேறியும் விட்டது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ‘ராயல் இந்தியன் நேவி’ பம்பாயில் உதயமாயிற்று.

சபைத் தலைவரின் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உட்காருகிறவர் பேசக்கூடாது. பிறரைப் பேசவைக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக நின்றாலொழிய அவருக்கு வாக்கும் இல்லை. நொய்யல் நதிக்கரையில் பிறந்த ஒரு மனிதர், பொடிவைத்துப் பேசுவதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர், வாய்மூடி வீற்றிருக்க, ஒரு தேசத்தின் முதல் போர்க்கப்பல் சட்டம் ஷரத்து ஷரத்தாகப் படிக்கப்பட்டு, ஆமென்பார் குரலும் இல்லையென்பார் குரலும் எழுந்து அடங்குகின்ற காட்சியை எண்ணிப்பார்க்கையில், தார்க்குச்சி கைமாறிவிட்டது, மூக்கணாங்கயிறு மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செலவு இன்னமும் வாக்கெடுப்புக்கு உட்படாத இனமே.

அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் காங்கிரஸ் திரும்பி வந்தது. சண்முகம் செட்டியார் தோற்றார். தோற்றவரைக் கொச்சி சமஸ்தானம் திவானாக அழைத்துக்கொண்டது. 1935 முதல் 1941 வரை அவர் அங்கே இருந்தார். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் மணல்திட்டை வெட்டிக் கால்வாய் திறந்து, தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உண்டாக்கிய கொச்சித் துறைமுகம், பெரிய துறைமுகங்களின் வரிசையில் சேர்ந்தது அவர் திவானாக இருந்த 1936-ல். கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளுக்கு மிக அருகிலுள்ள பெரிய கப்பல்துறை அதுதான் என்பதை அவர் அறியாதவரா? எர்ணாகுளத்தில் காயலைப் பார்த்தபடி செல்லும் சாலைக்கு இன்றும் ‘ஷண்முகம் ரோடு’ என்றே பெயர். அங்கே ஒரு மாலைப்பொழுதில் நின்றுகொண்டிருந்தபோது, எதிர்ப்புறத்துத் தீவுப் பக்கமாகக் கடற்படைக் கப்பல் ஒன்று சாம்பல் நிறத்தில் அசையாமல் நிற்பதைக் கண்டேன். தெற்குக் கடற்படைத் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவரிடம் இந்தச் சண்முகம் யார் என்று விசாரித்தேன். பழைய காலத்து முதலாளி யாரோவாக இருக்கும் என்றார்.

இடையிலே உலக யுத்தம் வந்தது. யுத்தத்தின் பிற்பகுதியில், கடலையே காணாத நம் கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறையை நிறுவி, அதற்குக் கப்பலைப் போலவே ‘கருடா’ என்று நாமகரணமும் செய்தது. பஞ்சாலைக்காரர்களின் ஊரில் இயந்திரக் கை பழகிய தொழிலாளர்கள் நிறைய உண்டு என்பதும், ஜப்பானிய விமானங்களுக்கு எட்டாத உள்நாடு என்பதும் இந்த ஊரின் சௌகரியங்கள். யுத்தம் முடிந்ததும் அது கலைக்கப்பட்டது. அந்தப் பெயர் பிற்பாடு சுதந்திர இந்தியாவின் கடற்படையால் கொச்சி விமானத்தளத்துக்குச் சூட்டப்பட்டது.

1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில் ‘தல்வார்’ பயிற்சிக் கூடத்து மாலுமிகள் சோறு சரியில்லை, மரியாதை சரியில்லை என்று வேலைநிறுத்தம் செய்யப்போய், அது ஐந்தே நாளில் 78 கப்பல்களுக்கும் 20 கரைத்தளங்களுக்கும் 20,000 மாலுமிகளுக்கும் பரவிய வரலாறு பிரசித்தம். அதை விரித்துரைக்க இங்கே இடமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைகள் அனைத்தும் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருக்க, அந்த மாலுமிகள் இறுதியில் ஆயுதத்தைக் கீழே வைத்தது வல்லபபாய் படேலின் அறிவுரையைக் கேட்டுத்தான். அன்றைக்குப் படேல் எந்த சர்க்கார் பதவியிலும் இல்லை. சட்டப்படி அதிகாரம் இருந்தவர் அட்மிரல் காட்பிரே. கப்பல்களையே குண்டுவீசி அழித்துவிடுவேன் என்று வானொலியில் மிரட்டியவர் அவர். மிரட்டலுக்கு மாலுமி பணியவில்லை. ஜனத்தலைவனின் சொல்லுக்குப் பணிந்தான். சரணடைந்தபின் அவர்களுக்கு நேர்ந்த கதி, அந்தத் தலைவர்களின் பெருமைக்கு உரிய அத்தியாயம் அல்ல என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

மூன்றாம் கட்டத்துக்கு வருகிறேன். தேசம் பிரிந்தபோது கப்பல்களும் பிரிந்தன. நதிகளின் பெயரைத் தாங்கிய ஸ்லூப் வகைக் கப்பல்களில் நர்மதாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்குப் போக, சட்லெஜ், யமுனா, கிருஷ்ணா, காவேரி நான்கும் இந்தியாவுக்கு வந்தன. கோதாவரி கராச்சிக்குப் போன விந்தையை விதி என்பதா, குமாஸ்தாவின் பேனா என்பதா! பவானியிலும் ஈரோட்டிலும் கொடுமுடியிலும் நம் பாதத்தைத் தொட்டுப் போகின்ற காவேரியின் பெயரைச் சுமந்த அந்தக் கப்பல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. 1947 அக்டோபரில், ஜுனாகட் நவாபு பாகிஸ்தானோடு சேர்ந்துவிட்டதாக அறிவித்த நெருக்கடியில், கிருஷ்ணாவும் காவேரியும் யமுனாவும் துருப்புகளைக் கொண்டுபோய்ப் போர்பந்தரில் இறக்கின. சுதந்திர இந்தியாவின் கடற்படை ஒரு காரியத்துக்காகத் திரண்டு புறப்பட்ட முதல் தருணம் அது. போ என்று சொன்னது டில்லியின் மந்திரிசபை. அந்த மந்திரிசபையில் நிதி மந்திரி, சண்முகம் செட்டியார்.

சில வாரங்களில், நவம்பர் 26-ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர் சபையில் சமர்ப்பித்தார். ஆகஸ்ட் 15 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரை ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. வருமானம் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, துண்டு விழுந்தது 26.24 கோடி. அந்தச் செலவில் பாதுகாப்புப் படைகளுக்கு மட்டும் 92.74 கோடி, அதாவது ரூபாய்க்கு ஏழணாவுக்கும் மேலே. காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பஞ்சாபிலிருந்து அகதிகள் ரயில்ரயிலாக வந்துகொண்டிருந்தார்கள். புதிய வரி என்று அவர் விதித்தது ஒன்றே ஒன்று. எதன்மேல் தெரியுமா? வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் பருத்தித் துணியின்மேலும் நூலின்மேலும். நூற்பாலை நகரத்தின் பிள்ளை, நூலுக்கே வரி போட்டு, அந்த ஆண்டின் மிச்ச மாதங்களில் 1.65 கோடி கிடைக்கும் என்று கணக்குக் காட்டினார். பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் அன்றைக்கு என்ன பேசியிருப்பார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

வரியைக் காட்டிலும் என் கவனத்தைக் கவர்வது சபை. 1928-ல் ஒரு ரூபாயைக்கூட வெட்ட முடியாதிருந்த அதே டில்லியில், இப்போது பாதுகாப்புச் செலவின் மானியக் கோரிக்கை மற்ற இலாகாக்களின் கோரிக்கையைப் போலவே சபையின் வாக்குக்கு உட்பட்டுவிட்டது. கவர்னர் ஜெனரலின் மனத்தை எதிர்பார்த்து யாரும் நிற்க வேண்டியதில்லை. சம்மதம் கேட்கத் தேம்ஸ் நதிக்கரைக்கு ஓட வேண்டியதில்லை. சபைத் தலைவராக இருந்தபோது வாய்திறக்க உரிமையற்றிருந்த கோயம்புத்தூர்க்காரர், பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் எழுந்து நின்று, கப்பலுக்கும் பீரங்கிக்கும் வேண்டிய தொகையை ஜனப்பிரதிநிதிகளிடம் கேட்டு வாங்க வேண்டிய ஸ்தானத்தில் இருந்தார். தளபதிகளுக்கு இது எரிச்சல் தரும் ஏற்பாடுதான். கப்பல் கேட்டால் கமிட்டி வைப்பார்கள். எண்ணெய் கேட்டால் கோப்பு அனுப்புவார்கள். எரிச்சலோடேதான் இந்த ஏற்பாடு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது; நம் அண்டை தேசங்கள் சிலவற்றில் இந்த எரிச்சலுக்கே இடமில்லாமற் போனதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்குச் சண்முகம் செட்டியார் உரை எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கடல்துறை நகரமான புகாரின் செல்வத்தைப் பதம் பதமாக விளக்கிய கையே, அந்தப் பட்ஜெட்டின் கணக்கிலும் கையெழுத்திட்டது.

1939-ல் பிளேட் நதிமுகத்துப் போரில் ஜெர்மானியக் கப்பல் கிராஃப் ஸ்பீயை மறித்து நின்ற ‘அக்கிலீஸ்’ என்னும் குரூஸர் கப்பலை இந்தியா விலைக்கு வாங்கி, 1948 ஜூலை 5-ஆம் தேதி ‘டில்லி’ என்ற பெயரோடு தன் கொடியை அதில் ஏற்றியது. இந்தியக் கடற்படையின் முதல் பெருங்கப்பல் அதுதான். ஆகஸ்டில், வருமான வரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதைப் பற்றிச் சபையில் எழுந்த சர்ச்சையில் சண்முகம் செட்டியார் ராஜினாமாச் செய்தார். கப்பல்களைக் கணக்குக் கேட்ட சபை, கணக்கு மந்திரியையும் கேட்டுவிட்டது. செப்டம்பரில் ‘டில்லி’ பம்பாய்த் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, அதன் விலைக்கு வகைசெய்த மந்திரிசபையில் கோயம்புத்தூர்க்காரர் இல்லை.

பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், 1979 ஜூலை 30-ஆம் தேதி, பார்லிமெண்டையே ஒருநாளும் சந்திக்காமற்போன ஒரு சர்க்காரில் பாதுகாப்பு மந்திரியாகப் பதவியேற்ற கதையை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)